கற்றல் கோட்பாடுகளைக் கொண்டு ஒரு பயிற்சியை வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பயிற்சி வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். சிலர் முதல் நாளே ஸ்லைடு போட உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஆவணத்தில் "பயன்படுத்திய கோட்பாடு" என்றிருக்கும் கட்டத்தை நிரப்ப ஒரு பெயரைத் தேடுகிறார்கள். வேறு சிலர் கோட்பாட்டை முதலிலேயே தேர்ந்தெடுத்துக்கொண்டு, எதைக் கற்பித்தாலும் அதற்குள் அடக்கப் பார்க்கிறார்கள். இரண்டு வழியிலும் கோட்பாடு பெயரளவில் நின்றுவிடுகிறது.

கற்றல் கோட்பாடு நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் கற்பவர் ஏன் தடுமாறுகிறார்? அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரியாதவரை அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஆகவே முதலில் வேலையைப் பார்க்க வேண்டும், அடுத்து தடுமாற்றத்தை, அதன் பிறகே கோட்பாட்டை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

விளக்கம் அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்: வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கையாளப் போகும் புதிய பணியாளர்களுக்கான பயிற்சி. நான் அமைத்து, பல குழுக்களுக்கு நடத்தி, திருத்தித் திருத்திச் செய்த பயிற்சி இது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்த வேலையை நன்றாகச் செய்யும் ஒருவர், தவறுகளின் பதிவு, இனி கற்கப் போகிறவர்களில் இரண்டு மூன்று பேர். இந்த மூன்றும் இல்லாமல் எழுதத் தொடங்காதீர்கள்.

நன்றாகச் செய்பவரிடம் "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பாதிதான் வரும். பல வருடம் செய்த வேலை கைப்பழக்கமாகிவிடுகிறது. கைப்பழக்கமானதை வாயால் சொல்ல வராது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேலை செய்யும்போது பாருங்கள். அவர் நிதானிக்கும் இடத்தில் மட்டும் கேளுங்கள்: "இப்போது எதைப் பார்த்தீர்கள்?" என் எடுத்துக்காட்டில், அனுபவமுள்ள பணியாளர் ஒருவர் ஒவ்வொரு அழைப்பிலும் புகாரைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அந்த வாடிக்கையாளரின் பழைய புகார்களைத் திறந்து பார்த்துவிடுவார். கையேட்டில் அந்தப் படியே இல்லை. அவரும் அதை ஒரு படியாக நினைத்ததில்லை.

தவறுகளின் பதிவு ஏன் வேண்டுமென்றால், இல்லாத பிரச்சினைக்குப் பயிற்சி எழுதும் ஆபத்து எப்போதும் உண்டு. மக்கள் சரியாகவே செய்யும் ஒன்றை இரண்டு மணி நேரம் கற்பிப்பது அவர்களுடைய நேரத்தைப் பறிப்பது.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்: இது கற்றுக்கொண்டால் தீரும் சிக்கல்தானா? மென்பொருள் மெதுவாக இருப்பதாலோ விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாலோ தவறு நடந்தால், எந்தக் கோட்பாடும் உதவாது.

2. இலக்கைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்

"புரிந்துகொள்வார்", "அறிந்திருப்பார்", "விழிப்புணர்வு பெறுவார்" ஆகிய மூன்று சொற்களையும் இலக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். புரிந்ததை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைச் சோதிக்கவும் முடியாது.

ராபர்ட் மேகர் சொல்லிக்கொடுத்த மூன்று பகுதி அமைப்பு இன்றும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது: என்ன செய்ய வேண்டும், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக. "பணத்தைத் திருப்பித் தரும் விதிகளைப் புரிந்துகொள்வார்" என்பது இப்படி மாறும்: "விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் புகார்களில் குறைந்தது ஒன்பதில், பணத்தைத் திருப்பித் தரலாமா கூடாதா என்று சரியாக முடிவெடுத்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுவார்."

"விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு" என்ற துண்டைக் கவனியுங்கள். அது வந்ததுமே விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு முழு அமர்வு மிச்சமாகிறது.

கற்றல் இலக்குகளை நிலைகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாட்டை இந்தப் படியில் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம். 2001ல் திருத்தப்பட்ட வடிவத்தில் நினைவுகூர்தல் தொடங்கிப் படைத்தல்வரை ஆறு நிலைகள் உள்ளன. ஆனால் ஒவ்வொரு பயிற்சியும் ஆறு நிலைகளையும் தொட்டாக வேண்டும் என்று நினைப்பது தவறு. வேலைக்கு எந்த நிலை வேண்டுமோ அது போதும்.

3. உள்ளடக்கத்துக்கு முன் சோதனையை எழுதுங்கள்

இலக்கை எழுதிய கையோடு, அதை எட்டினாரா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். ஸ்லைடுகள் முடிந்த பிறகு சோதனை எழுதினால், ஸ்லைடில் இருக்கும் வாக்கியங்களைத்தான் கேள்வியாக்குவோம். கற்பவர் வாக்கியத்தை அடையாளம் காண்பார், வேலையைச் செய்யத் தெரியாது.

சோதனை வேலையைப் போலவே இருக்கட்டும். முடிவெடுக்கும் வேலைக்கு முடிவெடுக்க வைக்கும் சோதனை, பேசும் வேலைக்குப் பேச வைக்கும் சோதனை.

4. வேலையைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கோட்பாட்டைப் பொருத்துங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். எந்த நிஜமான வேலையும் ஒரே வகைக் கற்றலால் ஆனதல்ல. புகார் கையாளும் வேலையைப் பிரித்தால் நான்கு வகைத் துண்டுகள் கிடைக்கின்றன.

முதலாவது, யோசிக்காமல் வர வேண்டியவை. புகார் வகைகளுக்கான குறியீடுகள், அழைப்பை எடுத்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம், அழைப்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் மூன்று கேள்விகள். இவற்றைத் தேடிக்கொண்டிருந்தால் எதிரே பேசுகிறவரைக் கேட்க மனம் இருக்காது. இங்கே நடத்தையியல் உதவும். தூண்டல், பதில், உடனடிப் பின்னூட்டம் என்று உளவியலாளர் ஸ்கின்னர் வகுத்த வழியில் சிறு சிறு பயிற்சிகளாக, வேகம் வரும்வரை. இதைப் பழைய முறை என்று ஒதுக்குகிறவர்கள், தட்டச்சையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் தாங்கள் எப்படிக் கற்றார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, படிகளும் கருத்துகளும். மென்பொருளில் புகாரைப் பதிவு செய்யும் முறை, எது "குறைபாடு", எது "பயன்படுத்தியதில் வந்த சேதம்" என்ற வேறுபாடு. இங்கே அறிதல் கோட்பாடுகள் வழிகாட்டும். புதியது பழையதோடு இணைந்தால்தான் மனதில் தங்கும். ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடியது மிகக் குறைவு. ஆகவே முன்னறிவைத் தட்டியெழுப்பி, சிறு பகுதிகளாகக் கொடுத்து, பொருந்தும் எடுத்துக்காட்டையும் பொருந்தாததையும் அடுத்தடுத்து வைத்துக் காட்ட வேண்டும். கருத்தைக் கற்பிக்கும்போது பொருந்தாத எடுத்துக்காட்டை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பொருந்தாததுதான் காட்டும்.

மூன்றாவது, ஒரே சரியான விடை இல்லாத முடிவுகள். விதிப்படி பணம் தரக் கூடாது, ஆனால் தவறு நம் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. அப்போது என்ன செய்வது? இதை விதியாக எழுதிக் கொடுக்க முடியாது. கற்பவர் உண்மையான புகார்களோடு மல்லாடி, தன் முடிவுக்குக் காரணம் சொல்லி, இன்னொருவரின் காரணத்தோடு மோதி, தனக்குள் ஒரு அளவுகோலைக் கட்டிக்கொள்ள வேண்டும். அறிவுக் கட்டமைப்புக் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. லெவ் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் இங்கே ஒரு அளவைக் கொடுக்கிறது: தனியாகச் செய்ய முடியாது, சிறு உதவியோடு செய்ய முடியும் என்ற கடினத்தில் புகார்களைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது, பார்த்துக் கற்பவை. கோபமாகப் பேசுகிறவரிடம் குரலை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பத்தி பத்தியாக எழுதினாலும் வராது. ஆல்பர்ட் பாண்டுராவின் சமூகக் கற்றல் கோட்பாடு நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: கவனிக்க வேண்டும், மனதில் நிறுத்த வேண்டும், செய்து பார்க்க வேண்டும், செய்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். மாதிரி அழைப்பு ஒன்றை ஒலிக்கவிட்டு "எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டுப் போனால் முதல் நிபந்தனையே நிறைவேறாது. கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "அவர் மன்னிப்புக் கேட்கும் இடத்தையும், அதற்கு முன் எத்தனை நொடி பேசாமல் இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்." பிறகு செய்து பார்க்க வையுங்கள்.

இதை ஒரு அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள். துண்டு, அங்கே நடக்கும் தவறு, தவறுக்கான காரணம், அந்தக் காரணத்தை விளக்கும் கோட்பாடு, அதனால் நான் செய்யப் போவது. மொத்தம் ஐந்து நெடுவரிசைகள். நான்காவதை நிரப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது காலியாக இருந்தால் மறுபடி முதல் படிக்குப் போய் இன்னும் கொஞ்சம் கவனியுங்கள்.

5. கற்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

இங்கே முக்கியமானது ஒன்றே: இந்த வேலையைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்?

ஏதும் தெரியாதவருக்கு முழுதாகத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு நன்றாக உதவும். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985ல் இயற்கணிதப் பாடத்தில் இதைக் காட்டினார்கள். ஆனால் நன்கு தெரிந்தவருக்கு அதே எடுத்துக்காட்டு இடையூறு. தான் அறிந்த வழியையும் நீங்கள் காட்டும் வழியையும் ஒப்பிட்டுக்கொண்டே மனம் களைத்துவிடும். புதியவருக்கு உதவியது தேர்ந்தவருக்குப் பயனில்லாமலோ தீங்காகவோ மாறும் இந்தத் தலைகீழ் விளைவு ஆய்வுகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஆகவே இரு சாராரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பயிற்சியைக் கொடுக்காதீர்கள். முடியவில்லையென்றால், தெரிந்தவர்கள் நேரே பயிற்சிக் கேள்விகளுக்குப் போகும் வழியையாவது திறந்து வையுங்கள்.

இந்தப் படியில்தான் பலர் "நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா" என்ற வினாத்தாளைக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒருவர் படத்தை விரும்புவதும் இன்னொருவர் ஒலியை விரும்புவதும் உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்துக்கு ஏற்றபடி கற்பித்தால் அதிகம் கற்பார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று ஹரோல்டு பாஷ்லரும் உடனிருந்த மூன்று ஆய்வாளர்களும் 2008ல் விரிவாக அலசிச் சொன்னார்கள். வடிவத்தைப் பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தைக் கண்ணால்தான் கற்க முடியும், குரலின் தொனியைக் காதால்தான்.

"படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், செய்வதில் 90 சதவீதம்" என்று சுற்றிவரும் முக்கோணப் படமும் அப்படித்தான். அந்தச் சதவீதங்களுக்குப் பின்னால் ஆய்வு ஏதும் இல்லை. எட்கர் டேலின் பெயரில் அது வலம்வந்தாலும், அவர் வரைந்த படத்தில் எண்களே கிடையாது.

6. மனச்சுமையைக் குறையுங்கள்

ஒரே நேரத்தில் மனம் எத்தனை துண்டுச் செய்திகளை ஏந்தும்? உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் ஏழு, இரண்டு கூடவோ குறையவோ என்றார். 2001ல் நெல்சன் கோவன் அதைச் சுமார் நான்கு என்று குறைத்தார். மனம் கையில் வைத்துக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான். நம் பயிற்சியின் அமைப்பே அதில் இரண்டைத் தின்றுவிட்டால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

இதை நான் கண்ணால் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. புகாரைப் பதிவு செய்யும் பன்னிரண்டு படிகளை அழகாக அச்சிட்டு, ஒவ்வொருவரின் வலப்பக்கத்திலும் வைத்திருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் தாளில் ஐந்தாவது படியைப் படித்தார், தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார், அந்தக் கட்டத்தைத் தேடினார். கிடைத்தபோது என்ன நிரப்ப வேண்டும் என்பது மறந்துவிட்டது. மறுபடி தாள். இந்த முறை விரலை ஐந்தாவது வரியில் ஊன்றிக்கொண்டார், அதனால் ஒரே கையால் தட்டச்சு. ஏழாவது படியில் விரல் ஒரு வரி நழுவியது. எட்டைச் செய்துவிட்டார். "எனக்கு கம்ப்யூட்டர் சரியா வராது சார்" என்றார். அவருக்குக் கணினி நன்றாகவே வந்தது. சிரமத்தை உண்டாக்கியது என் தாள்தான்.

ஸ்வெல்லரின் அறிதல் சுமைக் கோட்பாட்டில் இதற்குப் பெயர் கவனப் பிளவு. தீர்வும் எளிது: ஒவ்வொரு குறிப்பையும் திரையின் படத்திலேயே, அந்தந்தக் கட்டத்தின் பக்கத்தில் ஒட்டினேன். அடுத்த குழுவில் யாரும் விரலை ஊன்றவில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, ஸ்லைடில் முழு வாக்கியங்களைப் போட்டு அதையே வாய்விட்டு வாசிப்பது. கண் தன் வேகத்தில் படிக்கிறது, காது உங்கள் வேகத்தில் கேட்கிறது, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. படத்தோடு பேச்சு போதும் என்பது ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் தரும் வழி. விதிவிலக்கு உண்டு: கற்பவருக்கு அந்த மொழி புதிதென்றாலோ, காது கேட்பதில் சிரமம் இருந்தாலோ, எழுத்து வேண்டும்.

ஆனால் பாடத்துக்கே உரிய கடினத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். வேலை கடினமென்றால் பயிற்சியும் ஓரிடத்தில் கடினமாகத்தான் இருக்கும்.

7. பயிற்சியை அமைத்து, கைப்பிடியை மெல்ல விடுங்கள்

முழுதாகத் தீர்த்த புகார் ஒன்று. அடுத்து, கடைசிப் படி மட்டும் விடப்பட்ட புகார். பிறகு பாதி விடப்பட்டது. பிறகு முழுவதும் அவரே. இந்த இறங்குவரிசையைப் பின்பற்றினால், ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான் இருக்கும்.

கட்டடம் எழும்போது கட்டும் சாரத்தைப் போன்றது உதவி. சாரத்தைக் கட்டுவதில் எல்லோரும் அக்கறை காட்டுகிறார்கள். எப்போது பிரிப்பது என்று யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. குறிப்புத்தாள் எந்தப் பயிற்சியிலிருந்து இருக்காது என்பதை எண்ணாகவே எழுதிவிடுங்கள். நிஜ வேலையிலும் அந்தத் தாள் கையில் இருக்கும் என்றால் மட்டும் பிரிக்க வேண்டாம்.

பின்னூட்டம் எப்போது? குறியீடு போன்ற முதல் வகைத் துண்டுகளுக்கு உடனே. முடிவெடுக்கும் துண்டுகளுக்குச் சற்றுப் பொறுத்து. தன் காரணத்தை முழுதாக எழுதி முடிப்பதற்குள் "தவறு" என்று சொன்னால், யோசிப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது, மறதி. ஒரு நாள் முழுக்க நடத்தி, அன்று மாலையே சோதித்து, நல்ல மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே மீள்பார்வை ஸ்லைடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "நேற்றுப் பார்த்த மூன்று விதிவிலக்குகளை எழுதுங்கள்" என்று ஒரு வெற்றுத்தாள் கொடுங்கள். ஆறு மணி நேரத்தை ஒரே நாளில் செலவிடுவதைவிட, இரண்டிரண்டு மணியாக மூன்று நாளுக்குப் பிரிப்பது நல்லது. மேலதிகாரிகள் ஒரே நாளில் முடிக்கச் சொல்வார்கள். முழுதாகப் பிரிக்க முடியாவிட்டால், ஒரு வாரம் கழித்துப் பதினைந்து நிமிடச் சோதனை ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள்.

8. இப்போது வரிசைப்படுத்துங்கள்

ராபர்ட் காக்னேயின் ஒன்பது நிகழ்வுகள் இதற்கு நல்ல சரிபார்ப்புப் பட்டியல்: கவனத்தை ஈர்த்தல், இலக்கைச் சொல்லுதல், முன்னறிவை நினைவூட்டல், பாடத்தைத் தருதல், வழிகாட்டல், செய்ய வைத்தல், பின்னூட்டம், மதிப்பீடு, நினைவில் நிறுத்தி வேறிடத்திலும் பயன்பட உதவுதல். பத்து நிமிடத் துண்டுக்குள் ஒன்பதையும் திணிக்க வேண்டாம். எழுதியதை வைத்துக்கொண்டு எது விடுபட்டது என்று பாருங்கள். விடுபட்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவதும் ஒன்பதாவதும்தான்.

9. இரண்டு பேரை வைத்து ஒத்திகை பாருங்கள்

கற்கப் போகிறவர்களில் இரண்டு பேர் போதும். பயிற்சியை எழுதிய நீங்களே நடத்தாதீர்கள், பின்னால் உட்காருங்கள். அவர் திணறும்போது வாயைத் திறந்து உதவ மனம் துடிக்கும். உதவினால், தாளில் இருக்கும் ஓட்டை உங்கள் பேச்சால் அடைபட்டுவிடும், அது ஓட்டை என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்க வேண்டாம். "எந்த இடத்தில் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள்.

10. வேலை நடக்கும் இடத்துக்குத் திரும்பிப் போங்கள்

டொனால்டு கிர்க்பாட்ரிக் மதிப்பீட்டை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் உண்டா. கருத்துப் படிவத்தோடு முதல் நிலையிலேயே நின்றுவிடுவது சுலபம். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும், வடிவமைப்பைத் திருத்த அதிகம் உதவுவதும் மூன்றாவது நிலைதான்.

ஆறு வாரம் கழித்து, முதல் படியில் செய்ததுபோலவே, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான்காம் படியில் எழுதிய அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படிப் போய் உட்கார்ந்தபோது குறியீடுகளும் பதிவும் தடையில்லாமல் ஓடின. ஆனால் அந்த அனுபவசாலி செய்ததுபோலப் பழைய புகார்களைத் திறந்து பார்க்க நான்கு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. அதைப் பயிற்சியில் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தேன், யாரையும் ஒருமுறைகூடச் செய்ய வைக்கவில்லை. அட்டவணையில் அந்தத் துண்டை இரண்டாவது வகையிலிருந்து எடுத்து முதல் வகையில் எழுதினேன். அடுத்த குழுவில், அழைப்பு வந்ததும் அதைத் திறப்பதைத்தான் முதல் நாள் பயிற்சியில் இருபது முறை செய்ய வைத்தோம்.